கூலிப் பட்டியலில் மறைந்த பெயர்கள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிழக்கையும் மேற்கையும் இணைத்த முதல் இருப்புப்பாதை 1869 ஆம் ஆண்டு மே மாதம் 10 ஆம் நாள் நிறைவெய்தியது. யூட்டா பிரதேசத்திலுள்ள பிராமன்டரி என்னும் மேட்டில் இரண்டு நிறுவனங்களின் தண்டவாளங்கள் சந்தித்தன. பொன்னாலான ஆணி ஒன்று வைத்து விழாக் கொண்டாடினர். அன்று எடுக்கப்பெற்ற புகழ்மிக்க நிழற்படத்தில் இரு எஞ்சின்களும், கைகுலுக்கும் பொறியாளரும், சூழ்ந்து நிற்கும் தொழிலாளரும் காணப்படுகின்றனர். ஆனால், மேற்குப் பகுதியை அமைத்த சென்ட்ரல் பசிபிக் நிறுவனத்தின் ஆட்களுள் பத்தில் ஒன்பது பங்கினர் சீனர். அவர்களை அப்படத்தில் தேடிக் காண்பது அரிது.

அவர்கள் யாவர்? அவர்தம் வரலாறு மறைந்தது எவ்வாறு? மீண்டும் கிடைத்தது எவ்வாறு? வரலாறு எழுதப் புகும் நம் இளைஞர் இவற்றை அறிதல் வேண்டும்.

கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ நகரில் 1863 ஆம் ஆண்டு சனவரியில் வேலை தொடங்கியது. வெள்ளையர் போதிய அளவில் வேலைக்கு வரவில்லை. வந்தவருள்ளும் பலர் சுரங்கங்களை நாடி ஓடிவிட்டனர். எனவே தென்சீனத்தின் குவாங்துங் மாநிலத்து மக்களை நிறுவனம் அமர்த்தத் தொடங்கிற்று. உருவில் சிறியோர் மலையை உடைப்பரோ என்று மேலாளர் ஐயுற்றனர். அவ்வையம் விரைவில் நீங்கிற்று. பணி உச்சமடைந்த காலத்தில் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட சீனர் உழைத்தனர்.

சியரா நெவாடா மலையுச்சியில் சுமார் 1,660 அடி நீளச் சுரங்கவழியைக் கருங்கல்லில் குடைந்தோர் இவர்களே. கையால் துளையிட்டு வெடிவைத்தும், ஒரு முகப்பில் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓரடியே முன்னேற முடிந்தது. பனிச்சரிவில் கூடாரத்தோடு புதைந்து மாண்டோரும் உளர்.

வெள்ளைத் தொழிலாளர்க்கு ஊதியத்தோடு உணவும் கிடைத்தது. சீனரோ தம் ஊதியத்திலிருந்தே உணவுச் செலவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 1867 ஆம் ஆண்டு சூன் மாதத்தில் சுமார் 3,000 சீனர் கருவிகளைக் கீழே வைத்தனர். மாதம் 40 டாலர் கூலியும், சுரங்கத்தினுள் எட்டு மணி நேர வேலையும் அவர்கள் கேட்டவை. நிறுவனம் உணவுப்பொருள் வரத்தை நிறுத்தியது. ஒரு வார அளவில் பசி அவர்களை வேலைக்குத் திருப்பியது.

1869 ஏப்ரல் 28 ஆம் நாள், ஒரே பகலில் பத்து மைலுக்குச் சற்று மேற்பட்ட பாதையை அமைத்து இந்நிறுவனம் புகழ்பெற்றது. அன்று தண்டவாளம் தூக்கிய ஐரிசுத் தொழிலாளர் எண்மரின் பெயர்களும் பதிவாகியுள்ளன. உடனுழைத்த ஆயிரக்கணக்கான சீனரின் பெயர்களுக்கு அப்பதிவில் இடமில்லை.

1882 இல் சீனத் தொழிலாளர் அந்நாட்டிற்குள் வருவதையே தடைசெய்யும் சட்டம் இயற்றப்பெற்றது. 1943 வரை அது நீங்கவில்லை. 1969 இல் நடந்த நூற்றாண்டு விழாவில் அரசின் போக்குவரத்துச் செயலாளர் அமெரிக்கரின் திறத்தைப் போற்றிப் பேசினார். சீனரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அங்கு வந்திருந்த சீன அமெரிக்கர் மனம் புண்பட்டனர். எனினும் அவர்கள் வருத்தத்தோடு அமைந்துவிடவில்லை; சான்று தேடும் பணியைத் தொடர்ந்தனர்.

2012 இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் இதற்கெனவே ஓர் ஆய்வுத் திட்டம் தொடங்கியது. வரலாற்றுப் பேராசிரியர் கார்டன் சாங் அதனை வழிநடத்தியவருள் ஒருவர். அத்தொழிலாளர் எழுதிய கடிதமோ நாட்குறிப்போ ஒன்றும் கிடைக்கவில்லை. ஆகவே ஆய்வாளர் பிறர் எழுதிய ஏடுகளைப் புரட்டினர்.

நிறுவனத்தின் கூலிப் பட்டியலில், குழுவின் மேஸ்திரி பெயரும், குழு வேலைசெய்த நாள்களின் தொகையும், கொடுத்த பணமும் மட்டுமே உண்டு. மொத்த நாள்களை ஒருவர் மாதத்தில் வேலைசெய்யக்கூடிய நாள்களால் வகுத்து ஆள்தொகையைக் கணக்கிட்டனர். பல பெயர்களின் முன் ‘ஆ’ என்று எழுதியிருந்தது. அது பெயரன்று, பழகியவரை விளிக்கும் முன்னொட்டு. கணக்கெழுதியோர் அதனை அறிந்திலர்.

1870 ஆம் ஆண்டுச் செய்தித்தாள் ஒன்று, இறந்த சீனர் சுமார் 1,200 பேரின் எலும்புகள் இரயிலில் வந்தன என்றது. மற்றோர் இதழ் ஐம்பது பேர் என்றது. தமக்கு உகந்த எண்ணை மட்டும் ஆய்வாளர் எடுத்துக்கொள்ளவில்லை; இரண்டையும் ஒப்புநோக்கினர். பழைய குடியிருப்புகளில் மண்ணைத் தோண்டிச் சோற்றுக் கிண்ணங்களையும் காசுகளையும் கண்டெடுத்தனர். வழித்தோன்றல்களை அணுகிக் குடும்பச் செய்திகளைக் கேட்டெழுதினர்.

பயன் விளைந்தது. 2014 இல் அமெரிக்கத் தொழிலாளர் துறை தன் பெருமைக் கூடத்தில் இச்சீனத் தொழிலாளரைச் சேர்த்தது. 2019 இல், 150 ஆம் ஆண்டு விழாவில், அவர்தம் வழித்தோன்றல் ஒருவரே மேடையேறிப் பேசினார்.

இளைஞர்களே, மலையைக் குடைந்தோரைப் பற்றி அறிய, அவர்க்குக் கூலி கொடுத்தவர் கணக்கையே நம்ப வேண்டியதாயிற்று. அவர்கள் எழுதியது நூறு பக்கமேனும் எஞ்சியிருப்பின், உண்டதும் அஞ்சியதும் நம்பியதும் அவர் வாய்மொழியாகவே கிடைத்திருக்கும். ஆதலின் உங்கள் இல்லத்துப் பழைய கூலிச் சீட்டையும் மனுவின் நகலையும் குப்பையென எறியாதீர். படத்தின் பின்புறம் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதிவையுங்கள். முதியோர் இருக்கும்போதே அவர் சொல்வதைக் கேட்டெழுதுங்கள். இருவர் இருவகையாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள்.