ஓட்டிசம் கண்டறியப்பட்ட பின் பெற்றோர் செய்ய வேண்டியவை: கல்முனைக் கரையோரம்

ஓட்டிசம் பிறவியிலேயே அமைந்த மூளை வளர்ச்சி வேறுபாடு. பிறரோடு பழகுவதிலும் பேச்சாலோ சைகையாலோ மனதில் உள்ளதைத் தெரிவிப்பதிலும் சிரமம் இருக்கும். அதோடு ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், மாற்றத்தைத் தாங்காமை, சத்தம், வெளிச்சம், தொடுகை ஆகியவற்றுக்கு மிகையாகவோ குறைவாகவோ துலங்குதல் போன்றவையும் சேர்ந்திருந்தால்தான் இந்தப் பெயர் சொல்லப்படும். இதை இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ காட்டாது. வைத்திய நிபுணர் பிள்ளையைக் கவனித்தும் பெற்றோரை விசாரித்தும் முடிவு செய்கிறார். இலங்கையில் 18 முதல் 24 மாத வயதுப் பிள்ளைகளிடையே நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வொன்று, 93 பேரில் ஒருவருக்கு ஓட்டிசம் இருப்பதாகக் கணித்தது. மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை எந்த ஊரிலும் இது அபூர்வமான ஒன்றல்ல.

முதலில் தீர வேண்டியது பழி. கர்ப்ப காலத்தில் உம்மா கவலைப்பட்டது, வாப்பா வெளிநாட்டில் இருந்தது, கண்ணூறு, ஜின், போன் என்று அயலவர் சொல்லும் எதுவும் ஓட்டிசத்துக்குக் காரணமல்ல, பெரும்பங்கு மரபணுக்களுடையது. MMR தடுப்பூசிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதை டென்மார்க்கில் ஆறரை இலட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகளைப் பின்தொடர்ந்து 2019இல் வெளியான ஆய்வு உறுதிப்படுத்தியது. ஆகவே தம்பி தங்கையின் ஊசியை நிறுத்தக் கூடாது. ஓதிப் பார்ப்பதும் துஆக் கேட்பதும் குடும்பத்துக்கு மனத்தெம்பு தரும். கிளினிக்கை விட்டுவிடாதவரை அதில் கேடில்லை. ஆனால் உடலிலிருந்து பாதரசத்தை இறக்குவதாகச் சொல்லிக் கொடுக்கப்படும் மருந்துகள் உயிருக்கே ஆபத்தானவை. முழுக் குணம் தருவதாக விலை பேசுபவர் எவரையும் நம்பக் கூடாது.

அடுத்தது வைத்தியசாலை வேலை. காது கேட்கும் திறனை முதலிலேயே சோதித்துவிட வேண்டும். வலிப்பு, தூக்கமின்மை, மலச்சிக்கல் இருந்தால் தனியாகச் சொல்ல வேண்டும். இவை தணிந்தாலே பல பிள்ளைகளின் அழுகையும் அடம்பிடிப்பும் குறையும். கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை, கல்முனை வடக்கு, சம்மாந்துறை, அக்கரைப்பற்று ஆதார வைத்தியசாலைகள், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை ஆகியவற்றின் சிறுவர் பிரிவுகள் வழியாக மேற்கொண்டு செல்லலாம். கொழும்பு சீமாட்டி ரிட்ஜ்வே வைத்தியசாலையும் ராகமையிலுள்ள அயதி நிலையமும் விரிவான மதிப்பீட்டுக்குப் பெயர்பெற்றவை. ஆனாலும் இரவு பஸ்ஸில் போய்வரும் அந்தத் தூரத்தில் வாராந்தச் சிகிச்சை நடைமுறைக்கு ஒத்துவராது. பேச்சு மொழிச் சிகிச்சைக்கான பட்டப்படிப்பு களனிப் பல்கலைக்கழகத்தில் 2008இல்தான் தொடங்கியது. தமிழில் பேசிச் சிகிச்சை தருபவர்கள் இன்னும் குறைவு.

அதனால் வரிசையில் காத்திருக்கும் மாதங்களை வெறுமனே கழிக்காமல் வீட்டிலேயே தொடங்குவதுதான் சரியான வழி. இதற்கு ஆதாரமும் உண்டு. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளுடன் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், நிபுணர் அல்லாத சுகாதாரப் பணியாளர்களே பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பெற்றோர் பிள்ளையின் போக்குக்கு ஏற்பப் பேசக் கற்றார்கள். பிள்ளைகளும் தாமாக முன்வந்து தொடர்புகொள்வது கூடியது. உலக சுகாதார நிறுவனத்தின் பராமரிப்பாளர் பயிற்சியும் இதே வழியிலானது: 2 முதல் 9 வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒன்பது குழு அமர்வுகளும் மூன்று வீட்டு வருகைகளும் கொண்டது.

இதற்கென்று தனி அறையோ விலையுயர்ந்த விளையாட்டுப் பொருளோ தேவையில்லை. தண்ணி வேண்டுமென்று உம்மாவின் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் குடத்தருகே நிறுத்துகிற பிள்ளைக்கு உடனே வார்த்துக் கொடுக்காமல், கோப்பையை அதன் கண்மட்டத்தில் பிடித்து, "தண்ணி" என்று ஒரே சொல்லைச் சொல்லிச் சில நொடி காத்திருக்க வேண்டும். அது பார்த்தாலும் விரல் நீட்டினாலும் அரைகுறையாக ஒலித்தாலும் அப்போதே கொடுக்க வேண்டும். வற்புறுத்திச் சொல்ல வைக்கக் கூடாது. சில பிள்ளைகள் நீண்ட சூறாக்களைப் பிழையின்றி ஓதுவார்கள், பசிக்கிறது என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். அந்த நினைவாற்றல் மெய்யான திறமைதான், ஆனால் தேவையைச் சொல்லப் பழக்குவது வேறு வேலை. வீட்டுத் தமிழை விட்டு ஆங்கிலத்துக்கு மாறினால் பேச்சு வரும் என்பது தவறு. உம்மாவுக்கு இயல்பாக வரும் மொழியே பிள்ளைக்கு நல்லது.

இந்தக் கரையோரத்துக்கு ஒரு வசதி உண்டு. இங்குள்ள முஸ்லிம் குடும்பங்களில் கல்யாணத்துக்குப் பின் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். உம்மாவின் உம்மாவும் பெரியும்மா, சாச்சிமாரும் ஒரே வளவிலோ அடுத்த வளவிலோ இருப்பார்கள். எல்லோரும் ஒரே சொல்லை, ஒரே முறையில் பயன்படுத்தினால் நாள் முழுதும் பயிற்சி நடக்கும்; உம்மாவுக்கும் ஓய்வு கிடைக்கும். ஒருவர் அழுகையை நிறுத்தப் போனைக் கொடுக்க, இன்னொருவர் அதைப் பறித்தால் பிள்ளை குழம்பும். வெளிநாட்டிலிருக்கும் வாப்பாவுக்கும் அந்தச் சொற்களைச் சொல்லிவைத்தால் வீடியோ அழைப்பில் அவரும் சேர்ந்துகொள்ளலாம்.

கடலும் கிணறும் கதவுக்கு வெளியே இருக்கும் ஊர்களில் பாதுகாப்புத் தனிக் கவனத்துக்குரியது. ஓட்டிசப் பிள்ளைகள் பலர் சொல்லாமல் நடந்துபோவார்கள். தண்ணீர் அவர்களை மிகவும் ஈர்க்கும். கிணற்றுக்கு மூடி, பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வாசல் கேட்டில் கொண்டி, சட்டையின் உட்புறம் தொலைபேசி எண் ஆகியவை அவசியம். காணாமல் போனால் முதலில் தேட வேண்டிய இடம் கரை. நோன்பு மாதத்தில் தூக்கமும் சாப்பாட்டு நேரமும் மாறுவதால், ஒரு வாரம் முன்பிருந்தே படங்களைக் காட்டிச் சொல்லிக்கொடுப்பதும், ஒலிபெருக்கிச் சத்தத்தைத் தாங்காத பிள்ளையைப் பள்ளிவாசலின் அமைதியான நேரத்தில் பழக்குவதும் உதவும்.

பாடசாலைக் கல்வி உரிமை, சலுகையல்ல. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், உடற்குறை அல்லது உளக்குறையைக் காரணமாக்கிக் கல்வி நிறுவனத்தில் சேர்க்க மறுப்பதைத் தடுக்கிறது. கட்டாயக் கல்வி வயது 5 முதல் 16 வரை. முதலாம் தரத்துக்கு விண்ணப்பிக்கும் ஆண்டிலேயே வலயக் கல்வி அலுவலகத்தின் விசேட கல்விப் பொறுப்பாளரைச் சந்தித்து, சாதாரண வகுப்பா, விசேட கல்விப் பிரிவா, இரண்டும் கலந்ததா என்று பேச வேண்டும். அதற்கு முந்தைய பாலர் பாடசாலைக் காலம் வரிசையில் நிற்கவும் முறைபார்த்து விளையாடவும் பழகும் நல்ல தருணம். வருமானம் குறைந்த குடும்பங்கள் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். வைத்திய அறிக்கை, கிளினிக் புத்தகம், பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் பிரதிகளை ஒரே கோப்பில் வைத்திருந்தால் ஒவ்வோர் அலுவலகத்திலும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிராது.