பாராசூட்டில் இறங்கிய பதின்மூன்று

1980களின் தொடக்கம். அமெரிக்காவும் சோவியத் யூனியனும் ஆயிரக்கணக்கான அணுகுண்டுகளோடு முறைத்துக்கொண்டிருந்த காலம். கெவின் ரெனால்ட்ஸ் 'டென் சோல்ஜர்ஸ்' என்றொரு திரைக்கதை எழுதினார். அந்நியப் படை அமெரிக்காவுக்குள் புகுகிறது. பையன்கள் சிலர் மலைக்கு ஓடிப் போராடுகிறார்கள். எம்.ஜி.எம். ஸ்டூடியோ கதையை வாங்கியது. இயக்கும் பொறுப்பு மட்டும் வேறொருவர் கைக்குப் போனது.

வந்தவர் ஜான் மிலியஸ். கதையைத் திருத்தி எழுதினார். ஸ்டூடியோவின் நிர்வாகக் குழுவில் இருந்த முன்னாள் வெளியுறவு அமைச்சர் அலெக்சாண்டர் ஹேக்கும் யோசனை சொன்னார். ஆனால் ஒரு கேள்வி வழிமறித்தது: அணுகுண்டு வைத்திருக்கும் வல்லரசுக்குள் எவன் துணிந்து காலடி வைப்பான்?

கதைக்குள்ளேயே விடை தயாரானது. சோவியத்தில் கோதுமை பொய்த்தது; நேட்டோ கலைந்தது; அமெரிக்கா தனிமரமானது. ஏவுகணைத் தளங்களும் வாஷிங்டன் உள்ளிட்ட சில நகரங்களும் மட்டுமே அணுகுண்டுக்கு இரையாயின. படையெடுத்தவர்களுக்கு மிச்ச நாடு முழுசாக வேண்டுமே! கொலராடோவின் சிற்றூர்ப் பள்ளி மைதானத்தில் பாராசூட்டுகள் இறங்கின. என்னவென்று கேட்கப் போன வரலாற்று ஆசிரியர் சுடப்பட்டார். பிள்ளைகள் கையில் துப்பாக்கி ஏறியது. இத்தனை ரத்தத்தை எந்த வயதில் பார்க்கலாம்?

அன்றைய அமெரிக்கத் திரைப்படத் தரச்சான்றில் அந்தக் கேள்விக்கு விடையே இல்லை. 'பி.ஜி.' என்றால் சிறுவர்கள் தனியாகவே போகலாம்; 'ஆர்' என்றால் 17 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெரியவர் துணை வேண்டும். நடுவே வெற்றிடம். 1984 மே மாதம் 'டெம்பிள் ஆஃப் டூம்' படம் வந்தது. பின்னாளில் 'தளபதி'யில் வில்லனான அம்ரிஷ் பூரி, அதில் உயிருள்ளவன் நெஞ்சிலிருந்து இதயத்தைப் பிடுங்கினார். ஜூனில் 'கிரெம்லின்ஸ்' படத்தின் குட்டிப் பிசாசு மைக்ரோவேவ் அடுப்பில் வெடித்தது. இரண்டுக்கும் 'பி.ஜி.'தான். பெற்றோர் கொதித்தார்கள். இரண்டு படங்களிலும் பங்குள்ள ஸ்டீவன் ஸ்பீல்பெர்க், அமெரிக்கத் திரைப்படச் சங்கத் தலைவர் ஜாக் வாலன்டியை அழைத்தார்.

'பி.ஜி.'க்கும் 'ஆர்'க்கும் நடுவே ஒரு படி வைக்கலாமே என்றார். ஜூலை 1 அன்று அந்தப் படி நடைமுறைக்கு வந்தது. அதை முதலில் பெற்ற 'தி ஃபிளமிங்கோ கிட்' படம் டிசம்பர் வரை பெட்டிக்குள் காத்திருந்தது. அந்த இடைவெளியில் முந்திக்கொண்டது யார்?

ஆகஸ்ட் 10. மிலியஸின் 'ரெட் டான்' திரைக்கு வந்தது. நடக்காத அந்தப் படையெடுப்பின் மேல்தான், இன்று ஹாலிவுட் படங்களில் பழகிப்போன 'பி.ஜி.-13' முத்திரை முதன்முதலாகத் திரையரங்குக்குள் நுழைந்தது.

1991இல் சோவியத் யூனியனே சிதறியது. 2012இல் படம் புதிதாக வந்தபோது, சீனர்களாகப் படமாக்கப்பட்ட எதிரிகள் கணினியில் வடகொரியர்களாக மாறினார்கள். முத்திரை மட்டும் மாறவில்லை: பி.ஜி.-13.