ஸ்காட்லாந்துப் போதகர் விதவையர் நிதி

திருப்பணியாளர் தம் பிற்காலத்துக்கெனப் பொருள் ஒதுக்குதல் அவிசுவாசமாகுமோ என்னும் வினா திருச்சபையில் மீண்டும் மீண்டும் எழுந்துள்ளது. நாளைக்காகக் கவலைப்படாதிருக்கப் பணித்த ஆண்டவரின் போதனையையும், தன் வீட்டாரைப் பராமரியாதவனைக் கடிந்துகொள்ளும் 1 தீமோத்தேயு 5:8ஐயும் ஒருங்கே கைக்கொள்வது எங்ஙனம்? பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்துத் திருச்சபை இதற்குச் செயல்வடிவில் ஒரு விடை கண்டது.

அங்குப் போதகர் தம் சபைப் பொறுப்பை வாழ்நாள் முழுவதும் வகிப்பதே வழக்கம். அவர் மரித்தால் குடும்பத்தார் போதகர் இல்லத்தை விட்டு வெளியேற வேண்டும். 1672ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்களுக்குரியது அரையாண்டு ஊதியமே. அதன்பின் உறவினரின் ஆதரவோ சபையாரின் தருமமோதான் கதி.

இந்நிலையை மாற்ற முனைந்தோர் ராபர்ட் வாலஸ், அலெக்சாண்டர் வெப்ஸ்டர் என்னும் எடின்பரோ போதகர் இருவர். சபைகளிலிருந்து திரட்டிய விவரங்களைக் கொண்டு, பணியிலுள்ள சுமார் 930 போதகருள் ஆண்டுதோறும் 27 பேர் மரிப்பர் என்றும், அவருள் 18 பேர் மனைவியரை விட்டுச் செல்வர் என்றும் அவர்கள் மதிப்பிட்டனர். கணக்கைச் சரிபார்த்தவர் கணிதப் பேராசிரியர் காலின் மக்லாரின். அவர் பிறந்த சில வாரங்களிலேயே போதகரான தந்தையை இழந்தவர். போதகரான சிற்றப்பனிடத்தில் வளர்ந்தவர். எண்களுக்குப் பின்னிருந்த துயரத்தை அவருக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவருக்குத் துணையாயிருந்த எட்மண்ட் ஹாலியின் 1693ஆம் ஆண்டு ஆயுட்கால அட்டவணையும், பிரெஸ்லாவு நகர லுத்தரன் போதகர் காஸ்பர் நாய்மன் தொகுத்த பிறப்பு இறப்பு விவரங்களிலிருந்தே உருவானது என்பது நோக்கற்பாலது.

1744இல் பாராளுமன்றச் சட்டத்தின் ஆதரவோடு நிதி நிலைபெற்றது. நான்கு சந்தா விகிதங்களுள் ஒன்றைப் போதகர் தெரிந்துகொள்ளலாம். ஆண்டுக்கு 2 பவுன் 12 ஷில்லிங் 6 பென்ஸ் செலுத்தியவரின் விதவைக்கு ஆண்டுக்கு 10 பவுன். 6 பவுன் 11 ஷில்லிங் 3 பென்ஸ் செலுத்தியவரின் விதவைக்கு 25 பவுன். மணமாகாதவரும் சந்தா செலுத்தக் கடமைப்பட்டனர். சேர்ந்த தொகை வட்டிக்கு விடப்பட்டு முதல் பெருகியது. இங்ஙனம் விதவை பெற்றது இரவலன்று, உரிமை. ஒருவர் சுமையை ஒருவர் சுமத்தல் என்னும் அப்போஸ்தலக் கட்டளை இங்குக் கணக்கேட்டில் இடம்பெற்றது எனலாம்.

எனினும், இந்நிதி மரித்தவரின் வீட்டாருக்கே உதவியது. தளர்ந்துபோன போதகர் மதிப்போடு விலகி இளைப்பாற வழி செய்யவில்லை. லேவியர் ஐம்பது வயதில் வேலையை விட்டு, பின்னும் சகோதரருக்குத் துணைநிற்கும்படி எண்ணாகமம் 8ஆம் அதிகாரம் வகுத்த ஒழுங்கு பிற்காலத்துக்கே விடப்பட்டது. அமெரிக்க எப்பிஸ்கோப்பல் சபை 1917இல் தொடங்கிய ஓய்வூதிய நிதியில், குருவானவர் பணிசெய்யும் காலத்திலேயே அவர் ஊதியத்தைக் கணக்கிட்டு அதற்கேற்ற பங்கைச் சபைகள் செலுத்தின.

முதுமை வந்தபின் தேடும் உதவி தருமமாகவே அமையும். பணியேற்ற நாள்முதல் ஒதுக்கப்படும் பங்கே உரிமையாகும். வாலஸும் வெப்ஸ்டரும் தேவ பராமரிப்பை ஐயுற்றுக் கணக்கிட்டாரல்லர். அப்பராமரிப்பு சகோதரரின் கரங்கள் வழியே வருவதென நம்பினர். தனித்துச் சேர்ப்பது பேராசைக்கு இடமளிக்கலாம். கூடிச் சேர்ப்பதோ ஐக்கியத்தின் வினை. அபிஷேகத்துக்கு ஆயத்தமாகும் மாணவர் இதனை முதிர்ந்த வயதில் அல்ல, இப்பொழுதே சிந்திப்பது நலம்.