நத்தமேட்டுக் காசு

என் மேஜை இழுப்பறையில் ஒரு செப்புக்காசு இருக்கிறது. ஒரு புறம் கிழக்கிந்தியக் கம்பெனியின் சிங்கங்கள், கீழே 1803 என்ற வருஷம். மறுபுறம் பாரசீக எழுத்து, அதனடியில் இருபது காசு என்று ஆங்கிலத்தில் மதிப்பு. தமிழ் இல்லை. பர்மிங்ஹாமுக்கு அருகில் சோஹோ என்ற இடத்தில், மாத்யூ போல்டனின் நீராவி எந்திரங்களில் அடித்து, சென்னை ராஜதானிக்காகக் கப்பலேற்றிய காசு. இவ்வளவையும் காசைப் பார்த்தே சொல்லிவிடலாம். அதைப் பார்த்துச் சொல்ல முடியாத ஒரு விஷயத்தைப் பற்றியது இந்தக் கட்டுரை.

நான் குமாஸ்தாவாக இருக்கும் வங்கிக் கிளை ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையில் இருக்கிறது. 2011 ஜூனோடு செல்லாமல் போன நாலணாவை இன்றும் யாராவது கொண்டுவருவார்கள். வாங்க முடியாது என்று திருப்பிக் கொடுப்பது என் வேலை. அப்படிப்பட்டவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நண்பர் ஒருவர் வாங்கிவைத்திருந்த மெட்டல் டிடெக்டரோடு ஒரு மேட்டில் செல்லாக்காசு தேடிக்கொண்டிருந்தேன். கருவி கத்திய இடத்திலெல்லாம் ஸ்க்ரூடிரைவரால் கிளறினோம். ஆணி, சோடா மூடி, மாத்திரை அட்டையின் அலுமினியத் தாள். இருட்டுகிற நேரத்தில் இந்தக் காசு. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

ஊரார் அந்த இடத்தை நத்தமேடு என்கிறார்கள். நத்தம் என்றால் குடியிருப்பு மனை. ரெவின்யூ கணக்கில் இன்றும் கிராம நத்தம் உண்டு. ராஜராஜனின் தஞ்சைக் கோயில் கல்வெட்டுகளில் ஊர்நத்தம், குளம், சேரி, சுடுகாடு எல்லாம் இறையிலி நிலமாக ஒரே வரிசையில் வருகின்றன. விளையாத நிலம், ஆகவே வரி இல்லை. வீடுகள் விழுந்து மண்ணாகி, ஆட்கள் வேறிடம் போன பிறகும் சொல் மட்டும் போகவில்லை. தமிழ்நாட்டில் நத்தமேடு என்று ஓர் இடத்துக்குப் பெயர் இருந்தால் அங்கே யாரோ சமைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இந்த மேட்டைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. ஐதர் கலாபத்தில் ஊரே ஓடிப்போனது, திரும்பவில்லை என்பார்கள். பேச்சுக்கு ஆதாரம் இல்லாமலில்லை. செங்கல்பட்டு ஜாகீர் 1763இல் நவாப் முகம்மது அலியிடமிருந்து கம்பெனிக்கு வந்தது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பார்னார்டு என்ற கம்பெனி இன்ஜினியர் அதை அளந்தார். ஊர்வாரியாக எத்தனை வீடு, எந்தத் தொழில்காரர் வீடு என்று கணக்கு எடுக்கப்பட்டது. ஆறே வருஷம் கழித்து, 1780இல், ஹைதர் அலியின் குதிரைப்படை கர்நாடகத்துக்குள் இறங்கியது. செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. ஜாகீரில் பல ஊர்கள் ஆளொழிந்தன. எண்ணிய வீடுகளில் எவை மீண்டும் எழுந்தன என்பதே இந்த வட்டாரச் சரித்திரத்தின் ஆதாரக் கேள்வி.

இப்போது காசைப் பாருங்கள். 1780இல் ஓடியவர்கள் 1803இன் காசைக் கீழே போட்டிருக்க முடியாது. விழுந்த சுவருக்கு அடியில், சாணம் மெழுகிய தரையில் அது கிடந்திருந்தால், யாரோ திரும்பி வந்து மறுபடி வீடு கட்டினார்கள் என்று ஆகும். ஊர்ப் பேச்சு பொய்த்துவிடும். மேல்மண்ணில் கிடந்திருந்தால், ஆடு மேய்க்க வந்தவன் மடியிலிருந்து விழுந்தது, அவ்வளவே. ஊர்ப் பேச்சு நிற்கும். இரண்டில் எது என்று சொல்ல அந்த மேட்டில் ஒரு சாட்சி இருந்தது. அது எவ்வளவு ஆழத்தில் இருந்தது, சுற்றி ஓடு இருந்ததா, சாம்பல் இருந்ததா? நான் பார்க்கவில்லை. கருவி உலோகத்தை மட்டும் கேட்கிறது. நானும் அதை மட்டுமே கேட்டேன்.

நண்பர் ஒரு நியாயம் சொன்னார். 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய்க்கு அடிக்கல் நட்டார்கள், 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிஸான் ஆலை திறந்தார்கள். நாளைக்கு இங்கே ஜேசிபி வரும், அதற்குள் எடுத்தது லாபம் என்றார். ஜேசிபி மேட்டை அழிக்கும், உண்மை. நான் மேட்டை அப்படியே விட்டுவிட்டு, அதற்கிருந்த ஒரு தேதியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். எது பெரிய அழிவு என்று சுலபமாகச் சொல்ல முடியவில்லை.

வேறு மாதிரியும் நடக்கலாம். ஒரகடத்துக்குப் பக்கத்திலேயே வடக்குப்பட்டில், நத்தமேடு என்றே சொல்லப்படும் இடத்தில், 2022இல் இந்தியத் தொல்லியல் துறை குழி போட்டது. ரோமானிய ஆம்போரா ஜாடியின் சில்லுகள், தங்க அணிகலன், அவற்றுக்குக் கீழே இடைக் கற்காலத்தவை என்று அகழ்ந்தவர்கள் கருதிய கல்லாயுதங்கள் வந்தன. சில்லும் கல்லும் எந்தக் கருவியிலும் ஒலிக்காதவை. 1992 நவம்பரில் இங்கிலாந்தில் ஹாக்ஸ்னி என்ற ஊரில், வயலில் தொலைந்த சுத்தியலைத் தேட டிடெக்டரோடு போனவருக்கு ரோமானியக் காசுகள் தட்டுப்பட்டன. கொஞ்சம் தோண்டியவர் நிறுத்திக்கொண்டு தகவல் சொன்னார். மறுநாள் வந்தவர்களால் சுமார் 15,000 காசுகளும் எப்படி அடுக்கிப் புதைக்கப்பட்டன என்பதைக்கூடப் படிக்க முடிந்தது. அந்தச் சுத்தியலும் இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. நிறுத்திய கைக்குக் கொடுத்த மரியாதை என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

நம் சட்டம் பழையது. 1878ஆம் வருஷப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். சொந்தக்காரர் இல்லையென்றால் முக்கால் பங்கு கண்டெடுத்தவருக்கு, கால் பங்கு நிலத்துக்காரருக்கு. 1972இன் சட்டம் நூறு வயதுக் காசைத் தொல்பொருள் என்கிறது. இரண்டும் பொருளைப் பற்றிப் பேசுகின்றன. பொருள் கிடந்த கிடைக்குப் பங்கு பிரிக்க யாராலும் முடியாது.

இது மண்ணோடு நிற்கிற விஷயமில்லை. ஒரு வரியைக் கவிதையிலிருந்து பெயர்த்து, பளபளக்கிறது என்று கட்டுரையில் பதிக்கும் பழக்கம் நமக்கு உண்டு. எனக்கு நிறையவே உண்டு. அந்த வரி எந்த வீட்டுத் தரையில் கிடந்தது என்று நாம் கேட்பதில்லை.

காசை ஒப்படைக்கக் கலெக்டருக்கு மனு எழுதிவைத்திருக்கிறேன். கிடைத்த ஊர், தேதி எழுதியாயிற்று. ஆழம் என்று எழுதி, ஒரு சாண் இருக்கலாம் என்று போட்டேன். பிறகு அதை அடித்துவிட்டுத் தெரியாது என்று எழுதினேன்.