டெக்சாஸ் லத்தீனோக்களின் உயர்கல்வியும் வேலைவாய்ப்பும்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வாழும் லத்தீனோக்கள் (லத்தீன் அமெரிக்க வழியினர்), குறிப்பாக மெக்சிகோ வழி மக்கள், கல்லூரியையும் அதற்கேற்ற வேலையையும் எட்டிய வரலாறு பெரிதும் வழக்குகளாலும் போராட்டங்களாலும் ஆனது. 1848 இல் குவாதலூப்பே இதால்கோ உடன்படிக்கை ரியோ கிராண்டே ஆற்றை எல்லையாக்கியது. ஆற்றுக்கு வடக்கே இருந்தவர்களுக்குக் குடியுரிமை உண்டு என்றாலும், இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி வரை பல ஊர்களில் அவர்களுடைய பிள்ளைகள் ‘மெக்சிகன் பள்ளி’ என்று தனியே ஒதுக்கப்பட்டார்கள். பருத்தி எடுப்புக் காலத்தில் குடும்பத்தோடு காட்டுக்குப் போன பிள்ளைகளில் பலர் திரும்பிப் பள்ளிக்கு வரவில்லை.

கொட்டூலா என்னும் சிற்றூரில் இருந்த அத்தகைய பள்ளியில் 1928 இல் ஆசிரியராகச் சேர்ந்தவர், தம் கல்லூரிச் செலவுக்குப் பணம் தேடிவந்த லிண்டன் ஜான்சன். பின்னாளில் குடியரசுத் தலைவரான அவர், 1965 நவம்பர் 8 அன்று சான் மார்கோஸில் தாம் படித்த கல்லூரியிலேயே உயர்கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். வறுமையால் கல்லூரியை எட்டவே முடியாத கொட்டூலாப் பிள்ளைகளை அந்த மேடையில் நினைவுகூர்ந்தார். ஏழை மாணவர்களுக்கான கூட்டாட்சி அரசின் கல்வி உதவித்தொகையும் கடனும் அச்சட்டத்தால் விரிந்தன.

அதற்கு முன்பே சமூகம் தன் காலில் எழுந்திருந்தது. 1929 இல் கார்ப்பஸ் கிறிஸ்டியில் ஐக்கிய லத்தீன் அமெரிக்கக் குடிமக்கள் சங்கம் தோன்றியது. இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய மருத்துவர் எக்டர் கார்சியா, 1948 இல் அதே ஊரில் முன்னாள் படைவீரர்களுக்கான அமைப்பைத் தொடங்கினார். போர்முனையிலிருந்து திரும்பியவர்களுக்குச் சட்டப்படி உரிய படிப்புச் சலுகை கைக்கு வருவதே பெரும்பாடாக இருந்தது. மெக்சிகோ வழிப் பிள்ளைகளைத் தனியே பிரிப்பது செல்லாது என்று கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்ததும் அதே 1948 இல்தான்.

பிரிவினை சட்டத்தில் ஒழிந்தாலும் பணத்தில் ஒழியவில்லை. சான் அன்டோனியோ நகரின் எட்ஜ்வுட் பகுதிப் பெற்றோர் தொடுத்த வழக்கு இதை அம்பலமாக்கியது. எட்ஜ்வுட் மக்கள் 100 டாலர் சொத்து மதிப்புக்கு 1.05 டாலர் வரி கட்டியும் மாணவர் ஒருவருக்கு 26 டாலர்தான் திரண்டது. அதே நகரின் வசதியான அலமோ ஹைட்ஸ் பகுதியில் 0.85 டாலர் வரியிலேயே 333 டாலர் கிடைத்தது. கூடுதலாகக் கொடுத்தவர்களின் பிள்ளைகளுக்கே குறைவாகக் கிடைத்த இந்த முறை அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 1973 இல் உச்ச நீதிமன்றம் 5–4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஒரு தலைமுறையின் கல்லூரிக் கனவைப் பின்தள்ளிய தீர்ப்பு இது. 1989 இல் மாநில உச்ச நீதிமன்றம், மாநில அரசியலமைப்பின்படி அந்த முறை செல்லாது என்று ஒருமனதாக அறிவித்தது.

பள்ளியை முடித்தவர்களுக்கும் பக்கத்தில் பல்கலைக்கழகம் இல்லை. சான் அன்டோனியோவுக்கே 1969 இல்தான் மாநிலப் பல்கலைக்கழகம் ஒதுக்கப்பட்டது. அதன் வளாகமும் லத்தீனோக்கள் நெருங்கி வாழ்ந்த மேற்குப் பகுதியை விட்டு நகரின் வடமேற்கு ஓரத்தில் எழுந்தது. நகர மையத்தில் வளாகம் வர 1997 ஆயிற்று. எல்லைப்புற மாவட்டங்களின் நிலை இன்னும் மோசம். முனைவர் படிப்புக்கு அங்கிருந்தவர்கள் நெடுந்தொலைவு போகவேண்டியிருந்தது. இந்தப் பாகுபாட்டை எதிர்த்து 1987 இல் தொடுக்கப்பட்ட வழக்கு மாநில உச்ச நீதிமன்றத்தில் 1993 இல் தோற்றது. ஆயினும் அதன் நெருக்குதலால் சட்டமன்றம் எல்லைப்புறக் கல்லூரிகளுக்குப் பெருந்தொகை ஒதுக்கியது. தோற்ற வழக்கு ஒன்று இவ்வளவு கட்டடங்களை எழுப்பியது அரிது. ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் 2015 இல் திறக்கப்பட்ட பல்கலைக்கழகம், அடுத்த ஆண்டே மருத்துவக் கல்லூரியையும் தொடங்கியது.

1996 இல் பல்கலைக்கழகச் சேர்க்கையில் இனத்தைக் கருதக் கூடாது என்று தீர்ப்பு வந்தபோது, கிங்ஸ்வில் நகரின் சட்டமன்ற உறுப்பினர் இர்மா ராங்கெல் மாற்று வழி கண்டார். ஒவ்வொரு பள்ளியிலும் முதல் 10 விழுக்காட்டில் தேறுவோருக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி என்ற 1997 ஆம் ஆண்டுச் சட்டம் அவர் கொண்டுவந்தது. எளிய பள்ளியின் முதல் மாணவிக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகக் கதவு திறந்தது.

வேலைவாய்ப்பு வேறொரு திருப்பத்தில் உயர்கல்வியுடன் இணைந்தது. 1990 இல் சான் அன்டோனியோவின் லெவி ஸ்ட்ராஸ் ஆடை ஆலை மூடப்பட்டபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையிழந்தனர். பெரும்பாலோர் மெக்சிகோ வழிப் பெண்கள். தேவாலயங்களைச் சார்ந்த மக்கள் அமைப்புகள் முதலாளிகளிடம் எந்த வேலைக்கு ஆள் தேவை என்று கேட்டறிந்து, பிராஜெக்ட் குவெஸ்ட் என்னும் திட்டத்தை வகுத்தன. அது சமுதாயக் கல்லூரியில் செவிலியம் போன்ற படிப்புகளுக்குக் கட்டணம் செலுத்தியது. பிள்ளைப் பராமரிப்புக்கும் பயணத்துக்கும் உதவியது. வாரந்தோறும் ஆலோசகரைச் சந்திக்க வைத்தது. குலுக்கல் முறையில் சேர்க்கப்பட்டவர்களையும் சேராதவர்களையும் பல ஆண்டுகள் தொடர்ந்து ஒப்பிட்ட ஆய்வு, சேர்ந்தவர்களின் வருமானம் நிலையாக உயர்ந்ததைக் காட்டியது. படிப்பைப் பாதியில் நிறுத்துபவர்கள் பெரும்பாலும் அறிவுக் குறைவால் நிறுத்துவதில்லை, வீட்டு வாடகையும் பிள்ளையின் காய்ச்சலுமே நிறுத்துகின்றன என்பதை முதலிலேயே புரிந்துகொண்ட திட்டம் அது.

உரிய குடியேற்ற ஆவணமின்றி வளர்ந்த பிள்ளைகளுக்கும் மாநிலவாசிகளுக்கான குறைந்த கல்லூரிக் கட்டணத்தை வழங்கும் சட்டத்தை 2001 இல் நாட்டிலேயே முதலில் இயற்றியது டெக்சாஸ்தான். 2025 ஜூனில் அச்சட்டத்தை எதிர்த்துக் கூட்டாட்சி அரசு தொடுத்த வழக்கை மாநில அரசு எதிர்க்கவில்லை. தொடுத்த அன்றே சட்டம் நிறுத்தப்பட்டது. இத்தனைக்கும், 2022 கணக்கெடுப்பு மதிப்பீட்டின்படி டெக்சாஸின் மிகப் பெரிய மக்கள் பிரிவு லத்தீனோக்களே.