வேகமும் உத்தரவாதமும்

விற்பவன் ஒரு பொருளின் ஆற்றலைப் புகழ்ந்தே விற்கிறான். வாங்கியவன் அந்த ஆற்றலைப் பயன்படுத்தியதனால் பொருள் பழுதுபட்டால் செலவு யாரைச் சாரும்? மோட்டார் வண்டியின் வரலாற்றில் இது பழைய வழக்கு.

1911ஆம் ஆண்டில், அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில், மக்பேர்சன் என்பவர் ஓட்டிச் சென்ற பியூக் வண்டியின் மரச் சில்லு நொறுங்கி அவர் காயமுற்றார். விற்றவர் வேறொரு வணிகர். ஆதலால் தமக்கும் அவருக்கும் ஒப்பந்தமே இல்லை என்றது கம்பனி. 1916இல் தீர்ப்பளித்த நீதியரசர் கார்டோசோ அதனை ஏற்கவில்லை. மணிக்கு ஐம்பது மைல் ஓடுவதற்கென்றே வண்டியை ஆக்கியவர், அதன் சில்லுகளின் உறுதியையும் பார்த்திருக்க வேண்டும் என்பது அவர் கருத்து.

அது உடற்காயம் பற்றிய வழக்கு. பழுதான உறுப்பை இலவசமாக மாற்றித் தரும் உத்தரவாதமோ வேறு வழியிற் சென்றது. கிறைஸ்லர் கம்பனி 1963ஆம் ஆண்டு வண்டிகளின் எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் ஐந்து ஆண்டு அல்லது 50,000 மைல் உத்தரவாதம் அளித்தது. ஆனால் 1966இல் 425 பரிவலுக் கொண்ட 'ஹெமி' எஞ்சின் வீதி வண்டிகளில் வந்தபோது, உத்தரவாதம் பன்னிரண்டு மாதமாகவும் 12,000 மைலாகவும் சுருங்கிற்று. 1968இல் பந்தயத்துக்கென ஆக்கிய சில டொட்ஜ் டார்ட் வண்டிகளிலோ, உத்தரவாதமே இல்லை என்ற அறிவித்தல் ஒட்டப்பட்டிருந்தது. கடுமையான பேச்சுத்தான், ஆயினும் ஒளிவுமறைவு அற்றது.

1975இல் அமெரிக்கப் பாராளுமன்றம் இயற்றிய சட்டம், உத்தரவாதங்களை எளிதில் விளங்கும் மொழியில் எழுதுமாறு பணித்தது. எனினும் நியாயமற்ற பயன்பாட்டின் எல்லை எது என்ற வினா எஞ்சியே நின்றது. அவ்வினாவைக் கூர்மையாக்கியது யப்பானிய வண்டியொன்று.

நிசான் கம்பனியின் ஜி.ரி.ஆர். 2007 டிசம்பரில் யப்பானிலும், 2008இல் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் விற்ற வண்டியின் வலு 480 பரிவலு. எடையோ 1,700 கிலோவுக்கு மேல். சறுக்கலைத் தடுக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டை ஓர் ஆளியால் நிறுத்திவிட்டு, தடையை மிதித்தபடி எஞ்சினை உறுமவிட்டு, காலைத் தடையிலிருந்து எடுத்தால், நின்ற இடத்திலிருந்து நான்கு செக்கனுக்குள் அறுபது மைல் வேகம்! பாரமான வண்டியை நான்கு சில்லும் ஒருசேரப் பற்றி இழுக்கும் அந்த அதிர்வு முழுவதையும் கியர்ப் பெட்டியே தாங்க வேண்டும். சிலருடைய பெட்டிகள் தாங்கவில்லை.

கைந்நூலைப் புரட்டினால், சேற்றிலோ பனியிலோ புதைந்த வண்டியை மீட்பதற்கு மாத்திரமே அந்த ஆளி எனக் கண்டிருந்தது. கட்டுப்பாட்டை நிறுத்தி ஓட்டியதால் நேர்ந்த பழுதுக்கு உத்தரவாதம் இல்லை எனக் கம்பனி கைவிரித்தது. மறுக்கவும் இயலாது, வண்டி ஓடிய விதத்தை அதனுள் இருந்த கருவியே பதிவுசெய்து வைத்திருந்தது. (இதே வண்டி யப்பானில், பந்தயத் திடலுக்குள் நுழைந்ததைத் தானே அறிந்து, வேகத் தடையைத் தளர்த்த இடமளிக்கும்!)

நாள்தோறும் பந்தயம் ஓட்டி உறுப்புகளைத் தேய்த்தவனின் செலவைப் பிறர் சுமப்பதும் முறையன்று. ஆயினும் ஓட்டக் குதிரை என்று விலை கூறியவர், அது ஓடியதைக் குற்றம் என்பது எனக்கு ஏற்புடையதாய் இல்லை.

பிணக்கு நீதிமன்றம் வரை சென்றது. இதற்கிடையில், 2010ஆம் ஆண்டு வண்டிக்கு நிசான் பொறியியலாளர் புதிய கட்டளை நிரலை அமைத்தனர். கட்டுப்பாட்டை நிறுத்தாமலே, எஞ்சினின் சுழற்சியைக் குறைத்து, வண்டி முன்போலவே பாய்ந்து புறப்பட்டது. பழைய வண்டிகளுக்கும் அந்நிரல் வழங்கப்பட்டது.