சந்தா கட்டினா மட்டும் போதுமா? (நடிகர் சங்கத்தின் கதையும் நம்ம கூத்துக் கலைஞர்களும்)

எங்க அரூர் பக்கம் தெருக்கூத்து வைக்கிறதுன்னா, ஊர்க்காரங்க ஜமா வாத்தியாரைப் போய்ப் பார்ப்பாங்க. வெத்தலை பாக்கு மாத்தி, முன்பணம் கொடுத்து, தேதியைச் சொல்லிட்டு வந்துடுவாங்க. எழுத்து கிழுத்து ஒண்ணும் கிடையாது. விடிய விடிய ஆடி முடிச்ச பிறகு மீதிப் பணத்துல தகராறு வந்தா, கலைஞர் யார்கிட்டப் போய் நிப்பார்?

"சங்கம் வைக்கலாமே"ன்னு சொன்னா, "அதெல்லாம் மெட்ராஸ் சினிமாக்காரங்களுக்குங்க"ன்னு பதில் வரும். மெட்ராஸ் சினிமாக்காரங்க சங்கத்தோட கதையைக் கொஞ்சம் பார்ப்போம். சங்கம் இருந்தா மட்டும் போதாது, அது எப்படி ஓடுதுன்னும் தெரியணும்ங்கறதுக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது.

முதல்ல கொஞ்சம் பின்னாடி போவோம். சங்கரதாஸ் சுவாமிகள் காலத்தில் (1867-1922) பாய்ஸ் கம்பெனிகள் இருந்தன. எம்.ஜி.ஆர்., டி.கே.எஸ். சகோதரர்கள் எல்லாம் சின்னப் பையன்களாக அப்படிப்பட்ட கம்பெனிகளில் சேர்ந்தவர்கள்தான். சாப்பாடு, தங்கும் இடம், சம்பளம் எல்லாமே முதலாளி வைத்ததுதான் சட்டம். இன்னொரு பக்கம் மதுரை, புதுக்கோட்டை வட்டாரத்தில் ஸ்பெஷல் நாடகம் வளர்ந்தது. இதில் கம்பெனியே கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறு ஊரிலிருந்து வருவார், ராத்திரி மேடையில்தான் சந்திப்பார்கள். எல்லோருக்கும் பொதுவான முதலாளி இல்லாததால், எல்லோருக்கும் பொதுவான ஒரு இடம் தேவைப்பட்டது. மதுரையிலும் மற்ற ஊர்களிலும் நாடக நடிகர் சங்கங்கள் வேரூன்றியதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

சென்னையில் தென்னிந்திய நடிகர் சங்கம் 1952-ல் பிறந்தது. ஒண்ணு கவனிக்கணும், அது சினிமா நட்சத்திரங்களுக்கு மட்டுமான சங்கம் இல்லை. பல மாவட்டங்களில் இருக்கும் நாடக நடிகர்களும் அதில் உறுப்பினர்கள். தி.நகர் ஹபிபுல்லா சாலையில் சங்கத்துக்கு நிலம் இருந்தது, அதில் கட்டிடம் கட்டினார்கள். 1979-ல் முதல்வராக இருந்த எம்.ஜி.ஆர். திறந்து வைத்தார். கட்டிடத்தோடு கடனும் வந்தது. விஜயகாந்த் தலைவராக இருந்தபோது 2002-ல் சிங்கப்பூர், மலேசியாவில் நட்சத்திரக் கலைவிழா நடத்தி அந்தக் கடனை அடைத்த கதை நம்மில் பலருக்கும் தெரியும்.

இதுக்கப்புறம்தான் விஷயமே இருக்கு.

2010-ல் அந்த இடத்தை ஒரு திரையரங்க நிறுவனத்துக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விட ஒப்பந்தம் போட்டார்கள். காலம் 29 வருஷம் 11 மாசம். இதைப் பொதுக்குழுவில் முறையாக வைத்தீர்களா, யார் கையெழுத்துப் போட்டது என்று சில உறுப்பினர்கள் கேட்டார்கள். நிர்வாகம் தன் பக்க நியாயத்தைச் சொன்னது. விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. யார் சரி, யார் தப்புன்னு தீர்ப்பு சொல்ல நான் வரலை. என் கேள்வி வேற: ஒப்பந்தம் போட்ட அன்னிக்கு, "சொத்தை விடணும்னா பொதுக்குழு ஒப்புதல் வேணுமா, வேண்டாமா?"ன்னு விதியை எடுத்துப் பார்த்த உறுப்பினர் எத்தனை பேர் இருந்திருப்பாங்க?

அந்தக் கேள்வியே 2015 அக்டோபர் 18 தேர்தலில் பெரிய பிரச்சாரம் ஆனது. நாசர், விஷால், கார்த்தி அணி ஒரு பக்கம், சரத்குமார், ராதாரவி அணி இன்னொரு பக்கம். மொத்த வாக்காளர்களே மூவாயிரத்துச் சொச்சம்தான். நட்சத்திரங்கள் ஊர் ஊராகப் போய் நாடக நடிகர்களைச் சந்தித்தார்கள். தலைவர் பதவியில் நாசர் ஜெயித்த வித்தியாசம் நூற்றுச் சொச்சம் ஓட்டு! நாடகக்காரர்களின் தபால் ஓட்டு மட்டும் நூற்றுக்கணக்கில் இருந்தது. ஆர்மோனியப் பெட்டியோட பஸ் ஏறுற மனுஷனோட ஒரு ஓட்டும், கோடியில் சம்பளம் வாங்குற ஹீரோவோட ஒரு ஓட்டும் அங்கே ஒரே எடை. இதை நட்சத்திரங்கள் புரிஞ்சுக்கிட்ட அளவுக்கு நாடகக்காரங்க புரிஞ்சுக்கிட்டாங்களாங்கறதுதான் என் சந்தேகம்.

அடுத்தது 2019. 61 பேரைத் தொழில்முறை உறுப்பினர் வகையிலிருந்து மாற்றிவிட்டதால் ஓட்டு போய்விட்டது என்று புகார். சங்கங்களின் பதிவாளர் தேர்தலை நிறுத்தச் சொன்னார். உயர் நீதிமன்றம் ஓட்டுப் போடலாம், ஆனால் எண்ணக்கூடாது என்றது. ஜூன் 23-ல் ஓட்டுப் போட்டார்கள். ரஜினிகாந்துக்கே தபால் ஓட்டுச் சீட்டு முந்தின நாள் சாயங்காலம்தான் கைக்கு வந்தது, அவரால் ஓட்டுப் போட முடியவில்லை. சூப்பர் ஸ்டாருக்கே அந்தக் கதின்னா கிராமத்து நாடக நடிகர் எம்மாத்திரம்?

2020 ஜனவரியில் தனி நீதிபதி அந்தத் தேர்தல் செல்லாது என்றார். 2022 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு செல்லும் என்றது. மார்ச் 20-ல் எண்ணினார்கள். ஒரு ஓட்டை எண்ண ரெண்டே முக்கால் வருஷம்! நடுவில் அரசு நியமித்த தனி அதிகாரிதான் நிர்வாகம். கொரோனா வந்து நாடகம், ஷூட்டிங், கூத்து எல்லாம் நின்ன 2020-ல், வயித்துக்கு இல்லாம நின்ன உறுப்பினருக்குத் தேர்ந்தெடுத்த நிர்வாகமே கிடையாது. 2017-ல் அடிக்கல் நாட்டின புதுக் கட்டிடமும் பாதியில் நின்னது.

இத்தனைக்கும் மூலம் என்ன? "நான் எந்த வகை உறுப்பினர்? எனக்கு ஓட்டு இருக்கா? அதை மாத்த யாருக்கு அதிகாரம்?"ங்கற மூணு கேள்விகள். பதில் விதிப் புத்தகத்துல இருக்கும். நாம அதைப் புரட்டுறதில்லை.

சட்டம் ஒண்ணும் பூதம் இல்லைங்க. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்படி ஏழு பேர் இருந்தால் சங்கம் பதியலாம். ஒரு கூத்து ஜமாவிலேயே அதுக்கு மேல ஆள் இருக்கு! வருஷாவருஷம் பொதுக்குழு கூட்டணும், கணக்குக் காட்டணும். உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு பேர் சேர்ந்து எழுதிக் கொடுத்தால் பதிவாளரிடம் விசாரணை கேட்கலாம்.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துடறேன். 2007-ல் அமைந்த நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் வேற, சங்கம் வேற. வாரியம் அரசாங்கம் அமைச்சது, படிப்பு, கல்யாணம், சாவு மாதிரி விஷயங்களுக்கு உதவித்தொகை தரும். அட்டை வாங்கி வச்சுக்கங்க, நல்லது. ஆனா மீதிப் பணம் தராத ஊர்க்காரர்கிட்ட வாரியம் வந்து நமக்காகப் பேசாது. அதுக்கு நாமே சேர்ந்த சங்கம்தான் வேணும்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே நாடக நடிகர்கள் வாரக்கணக்கில் சம்பளமே இல்லாமல் ஒத்திகை பார்த்த காலம் உண்டு. 1913-ல் சங்கம் அமைத்தார்கள். 1919-ல் ஒரு மாசம் வேலைநிறுத்தம் செய்து நியூயார்க் நாடக அரங்குகளை மூட வைத்தார்கள். அப்புறம்தான் முதலாளிகள் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். சங்கம் அமைச்ச உடனே எதுவும் நடக்கலை. இடையில ஆறு வருஷம், உறுப்பினர்கள் ஒண்ணா நிக்கக் கத்துக்கிட்ட வருஷங்கள்.

பாரதக் கூத்தில் சூதாட்டம் ஆடும்போது நம்ம ஊர் சனம் எப்பவும் தர்மரைத்தான் திட்டும். எதிரே யார் உட்கார்ந்திருக்கா, காய் யாரோடதுன்னு கேட்காம நாட்டை வச்சு ஆடிட்டாரேன்னு. விடிய விடிய அந்த வேஷம் கட்டுற கலைஞருக்கு நான் புதுசா என்ன சொல்லிடப் போறேன்? அடுத்த தடவை சந்தா கட்டும்போது ரசீதோட சேர்த்து விதிப் புத்தகத்தையும் கேட்டு வாங்குங்க, அவ்வளவுதான்.